கழித்துவிட்ட வெளிச்சம்

“கலாமணி, கணவர் திருமூர்த்தி, ஊர் பல்லடம். கரு ஒன்று. இருபது நிமிஷம் பார்த்தாச்சு. வெளிச்சம் இல்லை.”

பரிதா திரையைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் தலையைத் திருப்பினாள்.

“நீங்க ‘சரி’ன்னு சொல்லோணுங்க்கா.”

கோகிலவாணி விழித்தாள். அவள் வந்தது கருவியைப் பார்க்க. மாதம் ஒருமுறை வந்து, திரவ நைட்ரஜன் ஒழுங்காக ஏறுகிறதா, கருவியின் கண் போதிய குளிரில் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுப் போவதோடு அவள் வேலை முடிந்தது. ஆனால் கோவையின் அந்தக் கருத்தரிப்பு மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கருவைத் தொட்டாலும் ஒருவர் பெயரைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இன்னொருவர் கிண்ணத்தையும் திரையையும் பார்த்துச் ‘சரி’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தி பிள்ளை இன்னொருத்தி வயிற்றுக்குப் போய்விடக் கூடாது அல்லவா? தினமும் சாட்சி சொல்லும் பெண் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டதால், அன்று அந்த வேலை கோகிலவாணியின் தலையில் விழுந்தது.

திரை கன்னங்கரேலென்று இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் ‘உயிர்ப்பு இல்லை’ என்ற எழுத்து. அந்த எழுத்தின் அளவையும் நிறத்தையும் தேர்ந்தெடுத்ததே அவள்தான்.

“சரி” என்றாள். கையெழுத்துப் போட்டாள். “அவ்வளவுதானா?”

“அவ்வளவுதானுங்க்கா. பதினோரு மணிக்கு டாக்டர் அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லுவாரு. அதுக்கப்புறம் நான் எடுத்துப் போட்டுருவேன்.”

“அதுக்குச் சாட்சி வேண்டாமா?”

“யாரும் பாக்கப் பிரியப்படாத வேலைக்கு எதுக்குங்க்கா சாட்சி?” பரிதா கிண்ணத்தை மூடிக் கதகதப்புப் பெட்டிக்குள் வைத்தாள். “பாவம், அவங்களுக்கு இதுதான் கடைசி. அந்தக்கா வயசு நாப்பத்திமூணு.”

கோகிலவாணி கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த அறைக்குள் தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட அவள் நிற்பதில்லை. காரணம் பரிதாவுக்குத் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

நடைபாதையில் காபி இயந்திரத்தோடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கோயிலுக்குக் கிளம்பியவர் போலிருந்தார்.

“அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்குங்க” என்றாள் கோகிலவாணி.

அமுக்கினார். காபி வந்தது. அவளும் ஒரு கோப்பை பிடித்துக்கொண்டாள். அவர் அவள் சட்டையில் தொங்கிய அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

“ஏனுங்க மேடம், ‘சுடர்’ மிஷின் கம்பெனிங்களா நீங்க? எங்களுதைக்கூட இப்ப அதுலதான் வெச்சுப் பாக்கறாங்களாமா. நான் திருமூர்த்திங்க. பல்லடம்.”

அவள் போட்ட அந்தக் கையெழுத்தின் மைகூட இன்னும் காயவில்லை. தப்பித்துப் போக வழியில்லை.

“அது எப்படிங்க மேடம் பாக்குது? உள்ளுக்குள்ள லைட்டு கிட்டு அடிப்பாங்களா? புள்ளைக்குக் கண்ணு கூசிராதுங்களா?”

“லைட் ஒண்ணும் அடிக்கறதில்லீங்க. உசுரோட இருக்கற எதுக்கும் ஒரு சூடு உண்டு. அந்தச் சூடு, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சமா வெளிய வந்துக்கிட்டே இருக்கும். அகச்சிவப்புன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. எங்க மிஷினோட கண்ணை ஐஸ்கட்டியை விட ரொம்பக் குளிர்ச்சியா வெச்சிருப்போம். அதனால ஒரு எம்ப்ரியோவோட துளிச் சூடுகூட அதுக்குத் தெரியும்.”

திருமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். “அட, நம்ம வேலைதானுங்க! நான் பதினெட்டு வருஷமா ஹேச்சரில இருக்கறனுங்க. கோழிக்குஞ்சு பொரிக்கற எடம். எது குஞ்சு, எது கூமுட்டைன்னு பிரிக்கறதுதான் நம்ம சோலி. முட்டை முத்திப்போச்சுன்னா லைட்டெல்லாம் வேண்டாம், தொட்டாப் போதும். உசுருள்ளது கையில வெதுவெதுன்னு இருக்கும்.”

“அப்படியுங்களா?”

“ஆனா ஒண்ணுங்க. புதுசா வேலைக்கு வர்றவன் ஒரு தப்புப் பண்ணுவான் பாருங்க. அடைப்பெட்டிக்குள்ளயே கைய விட்டுத் தொட்டுப் பாத்துப்போட்டு, ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்கண்ணா, ஒண்ணுலயும் உசுரு இல்லாதாட்டம் இருக்குது’ம்பான். அடேய் கூமுட்டை, சூட்டுக்குள்ள வெச்சுச் சூட்டைத் தேடினா எப்படிடா தெரியும்? வெளிய எடு, காலித் தட்டுல வையி, அப்பத் தெரியும்னு சொல்லுவேன். இவன் கூமுட்டைன்னு கழிச்சு மூட்டையில போட்ட முட்டைல கீச்சுகீச்சுன்னு சத்தம் கேட்டு, ஒருக்கா நான் மூட்டையையே பிரிச்சிருக்கறனுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். கோகிலவாணி சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த காகிதக் கோப்பை சாய்ந்து தரையில் காபி சொட்டியது.

காலித் தட்டு.

“மேடம்? ஏனுங்க மேடம்?”

அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

“பரிதா! அந்தக் கிண்ணம் எங்கே?”

“பெட்டிக்குள்ளதான் இருக்குதுங்க்கா. ஏன், என்னாச்சு? மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சே!”

“தொடாதே. டாக்டரை அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லு. கரண்ட் போச்சுன்னு சொல்லு, நைட்ரஜன் தீந்துபோச்சுன்னு சொல்லு, என்ன பொய் வேணும்னாலும் சொல்லு.”

பரிதா தொலைபேசியில் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோகிலவாணி கருவியின் நினைவகத்தைத் திறந்தாள். கருவி ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு படம் எடுக்கும். கிண்ணத்துக்கும் ஒரு சூடு உண்டு, கண்ணாடிக்கும் உண்டு, பக்கத்தில் நிற்கும் மனிதருக்கும் உண்டு. அந்தச் சூடெல்லாம் பதிந்த படம் அது. பின்னால் எடுக்கும் படங்களிலிருந்து அதைக் கழித்துவிட்டால் கருவின் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். ஆரம்பத்தில் இதற்குத் தனியாக ஒரு வெற்றுக் கிண்ணம் வைத்தார்கள். அதற்குப் பதினொரு நிமிடம் பிடித்தது. ஒவ்வொரு கருவுக்கும் அவ்வளவு நேரம் வீணாகிறது என்று மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள்.

அப்போது கோகிலவாணிக்கு ஒரு யோசனை தோன்றியது. வெற்றுக் கிண்ணம் எதற்கு? கரு இருக்கும் கிண்ணத்தையே முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதுமே! உயிருள்ள கரு சும்மா இருக்காது. அதன் வெளிச்சம் கூடும், குறையும். அந்த மாற்றம் தெரிந்தால் போதாதா? பதினொரு நிமிடம் மிச்சமானது. நிறுவனம் அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்தது.

“இங்க பாரு” என்றாள் கோகிலவாணி. “கழிக்கறதுக்குன்னு மிஷின் எடுத்து வெச்ச மொதப் படம். இந்தக் கலாமணியோடது.”

பரிதா குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறப் பரப்பின் நடுவில், வெண்மையாக, சின்னஞ்சிறு வட்டம்.

“இது… எம்ப்ரியோங்க்கா.”

“ஆமா. தலைக்கு மேல ஃபேன் ஓடிக்கிட்டே இருந்தா அந்தச் சத்தம் உனக்குக் கேக்குதா? கேக்காது. நின்னாலோ கூடினாலோதான் கேக்கும். அந்த மாதிரிதான். கூடிக் குறையறதெல்லாம் மிஷினுக்குத் தெரிஞ்சுது. அமைதியா, ஒரே சீரா உசுரோட இருந்ததையெல்லாம் ஃபேன் சத்தம்னு நெனச்சுக் கழிச்சுப்போட்டுது.”

“டெஸ்ட் பண்ணினப்பத் தெரியலையாங்க்கா?”

“எலிக் கருவை வெச்சுப் பார்த்தோம். அது எல்லாமே துள்ளிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் இங்க வந்தப்ப, வெளிச்சம் தெரிஞ்சதை வெச்சவங்களுக்கெல்லாம் புள்ளை தங்குச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. இருட்டா இருந்ததைப் பத்திக் கேக்கறதுக்கு ஆளு யாரு?”

அதற்கு மேல் பேச நேரமில்லை. வெற்றுக் கிண்ணம் ஒன்றை வைத்துப் பழைய முறையில் படம் எடுத்தார்கள். பதினொரு நிமிடம். பிறகு கலாமணியின் கிண்ணத்தை வைத்தார்கள்.

இருட்டின் நடுவில் அது மெல்லத் தெரிந்தது. துடிக்கவில்லை, மினுங்கவில்லை. காற்றில்லாத அறையில் அகல்விளக்கு எரிவதுபோல, யாரையும் கூப்பிடாமல், தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. பரிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“படி” என்றாள் கோகிலவாணி.

“கலாமணி, கணவர் திருமூர்த்தி, ஊர் பல்லடம். கரு ஒன்று. வெளிச்சம்…” பரிதா திரையை இன்னொரு முறை பார்த்தாள். “வெளிச்சம் இருக்குதுங்க்கா.”

“சரி.”

பரிதா செய்தி சொல்ல டாக்டரின் அறைக்கு ஓடினாள். தனியாக நின்ற கோகிலவாணி, செய்யக் கூடாது என்று மனம் சொன்னதைச் செய்தாள். பழைய பட்டியலைத் திறந்தாள். பதினான்கு மாதத்தில் இருண்டவை மொத்தம் நூற்றுப் பதினெட்டு. பதினேழாவது எண்ணுக்கு வந்ததும் அவள் விரல் நின்றது.

கோகிலவாணி, கணவர் சென்னியப்பன், ஊர் கணபதி.

தன் கருவியை நம்பித் தன் ஒரே கருவையும் அதில்தான் வைத்தாள். கருவி இல்லை என்றது. அவளும் இல்லை என்றே எடுத்துக்கொண்டாள். தன் உடம்பில் உயிர் தங்காது என்று முடிவுகட்டி, அந்த முடிவோடு சமைத்தாள், வேலைக்குப் போனாள், உறவுக்காரர் வளைகாப்புகளுக்கு மட்டும் போகாமல் இருந்தாள். வீட்டில் சென்னியப்பன் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் படத்தைத் திறந்தாள்.

வட்டமாக, வெண்மையாக, இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு மற்றவர்களின் முதல் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள்; பாதிக்கு மேல் அதே வெண்வட்டம். கைப்பேசி அடித்தது. நிறுவனத்தின் எம்.டி. சௌந்தர்ராஜன். இதற்குள் டாக்டரே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

“கோகிலவாணி, நல்ல வேளை, கண்டுபிடிச்சீங்க. சாயங்காலத்துக்குள்ள புது சாஃப்ட்வேர் ஏத்திடலாம். பழசைக் கிளற வேண்டாம்.”

“சார், நூத்திப் பதினெட்டுப் பேரு. பாதிக்கு மேல உசுரோட இருந்திருக்குது. நான் படத்தைப் பார்த்தேன்.”

“கம்பெனிக்காக மட்டும் சொல்லலை. யோசிச்சுப் பாருங்க. அவங்க அழுது முடிச்சு, மனசைத் தேத்திக்கிட்டாங்க. இப்பப் போயி ‘உங்க புள்ளை உசுரோடதான் இருந்துச்சு, நாங்கதான் தூக்கிப் போட்டோம்’னு சொன்னா, ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டாந்தரம் எழவு விழும். போனது திரும்ப வருமா? யாருக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்க.”

அவர் கெட்டவர் இல்லை. சொன்னதும் முழுப் பொய் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“சார், அந்த நூத்திப் பதினெட்டுல நானும் ஒருத்திங்க.”

அவரைப் பேச விடாமல் அவளே தொடர்ந்தாள்.

“இப்பத்தான் என்னுதைப் பார்த்தேன். ஈரக்குலையே அத்துப்போற மாதிரி இருக்குதுங்க சார். ஆனா, தெரியாமயே இருந்திருக்கலாம்னு ஒரு நிமிஷம்கூடத் தோணலை. ஒரு வருஷமா என் உடம்பு மேல பழியப் போட்டுக்கிட்டு இருந்தேன். அந்தப் பழி என்னுது இல்லைன்னு தெரிஞ்சிருக்குது. மத்தவங்களும் அதைத்தானே சுமந்துக்கிட்டு இருப்பாங்க? அதை இறக்கி வெக்கவாவது நாம போயிச் சொல்லோணும் சார்.”

“உங்க வேலை போயிடும், கோகிலவாணி. கம்பெனியும் போகலாம்.”

“தெரியுங்க சார்.”

கைப்பேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கதவருகே பரிதா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் முகத்தில் இரக்கத்தை எதிர்பார்த்தாள் கோகிலவாணி. அங்கே பயம் இருந்தது.

“அக்கா, எங்கூடக் கொஞ்சம் வாங்க. டாக்டர்ட்டப் போறதுக்கு முந்தி.”

நடைபாதையின் கோடியில் கருக்களை உறைய வைக்கும் அறை. பால் கேன்களைப் போலப் பத்துப் பன்னிரண்டு உருளைகள். பரிதா கடைசி உருளையின் முன்னால் போய் நின்றாள். அதன்மேல் ‘காலி – பழுது’ என்று அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

மூடியைத் தூக்கினாள். வெண்புகை வழிந்து இருவர் காலையும் மூடியது. உள்ளே வரிசை வரிசையாக மெல்லிய குழல்கள்.

“என்ன பரிதா இது?”

“நூத்தி ஒண்ணுங்க்கா.”

கோகிலவாணிக்குப் புரியவில்லை.

“எடுத்துப் போடோணும்னு குடுத்ததை நான் போடலீங்க்கா. திரும்ப உறைய வெச்சேன். எடுத்துப் போட்டுரலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தவங்களுக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தப்புத்தான். தெரிஞ்சா எனக்கு இந்தத் தொழிலே இல்லை. மிஷின் தப்புன்னு எனக்கு என்ன தெரியும்? செத்ததைத்தான் வெச்சிருக்கறேன்னு நெனச்சேன். எங்கம்மாகிட்டச் சொல்லி அழுதேன். ‘பைத்தியக்காரி, செத்ததை வெச்சு என்னடி பண்ணப் போறே’ன்னுச்சு.”

“நூத்திப் பதினெட்டுல நூத்தி ஒண்ணா?” கோகிலவாணி கேட்டாள். பொறியாளரின் மூளை கணக்குப் போட்டுவிட்டது. “அப்போ மொதல் பதினேழு?”

பரிதா தரையைப் பார்த்தாள்.

“அதெல்லாம் போட்டுட்டேங்க்கா. விதிமுறைப்படி.”

“பதினேழாவதும்?”

“அதுதான் நான் கடைசியாப் போட்டதுங்க்கா.” அவள் கோகிலவாணியின் கைகளைப் பார்த்தாள். “அன்னிக்கு நீங்க உள்ள வந்து, ஒருக்கா பாத்துக்கறேன்னு கேட்டீங்க. பாத்தீங்க. ‘போடு பரிதா, மிஷின் பொய் சொல்லாது’ன்னு சொன்னீங்க. சொல்லிப்போட்டு வெளிய போனவங்க, கதவோட கைப்பிடியை விடவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே இருந்தீங்க. அழலை, ஒண்ணும் சொல்லலை. கையை மட்டும் விடலை. நான் இந்தப் பக்கம் போட்டுட்டு நிமிந்து பாக்கறேன், அப்பவும் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. அடுத்த வாரம் பதினெட்டாவது வந்துச்சு. அதை எடுத்தேன். உங்க கைதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. எனக்குக் கை வரலீங்க்கா. அப்புறம் ஒண்ணைக்கூட என்னால போட முடியலை.”

புகை மெதுவாகக் கலைந்தது. கோகிலவாணி குனிந்து குழல்களின் நுனியில் ஒட்டியிருந்த பெயர்களைப் பார்த்தாள். சின்னச் சின்ன எழுத்து. வெள்ளக்கோவில், அவினாசி, சத்தி, பொள்ளாச்சி.

“ஒரு வாரம் முந்தி எனக்கு அந்தப் புத்தி வந்திருந்தா…” பரிதா விம்மினாள். “என்னை மன்னிச்சிருங்க்கா.”

கோகிலவாணி அவளைத் தோளோடு இழுத்துக்கொண்டாள். தன்னைவிடப் பத்து வயது சின்னவள். செத்தவை என்று நம்பியே, ஒரு வருடமாகத் தனியாக வந்து நைட்ரஜன் ஊற்றிக் காத்தவள்.

“மூடியைப் போடு. குளிர் போயிரும்” என்றாள்.

இருவருமாக டாக்டர் ரத்தினசபாபதியின் அறைக்குப் போய்ச் சொன்னார்கள். அவர் முழுவதையும் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“விசாரணை வரும். வரட்டும். உங்க ரெண்டு பேருக்கும் முந்தி நான் பதில் சொல்லியாகணும்” என்றார். “நூத்திப் பதினெட்டு வீட்டுக்கும் நாம நேராத்தான் போகணும். போன்ல சொல்ற விஷயம் இல்லை. அது நாளையிலிருந்து. இப்போ ரெண்டு மணிக்கு அந்தப் பல்லடத்துப் பொண்ணுக்கு வைக்கணும். பரிதா, போய்க் கையைக் கழுவு.”

இரண்டே கால் மணிக்குக் கலாமணியை வெளியே அழைத்து வந்தார்கள். திருமூர்த்தி ஒன்றும் அறியாதவராக, மனைவியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். கோகிலவாணியைப் பார்த்ததும் நின்றார். “வெளிச்சமாத் தெரிஞ்சுதாமுங்க மேடம்!” என்றார். அவரிடமும் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்.

கோகிலவாணி மாடிப்படியில் உட்கார்ந்து கணவனுக்கு அடித்தாள். நேரில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் பொறுக்க முடியவில்லை. பட்டறையில் லேத் இயந்திரம் ஓடும் இரைச்சலோடு சென்னியப்பனின் குரல் கேட்டது.

“என்ன புள்ளை, இந்நேரத்துல? சாப்பிட்டியா?”

“ஏனுங்க, நம்மளுதைப் பத்தி ஒண்ணு சொல்லோணும்.”

எந்த ‘நம்மளுது’ என்று அவன் கேட்கவில்லை. லேத் நின்றது. பட்டறை முழுவதும் அமைதியானது.

அவள் சொன்னாள். காலித் தட்டு, முதல் படம், பதினேழாம் எண், பரிதா, நூற்றொரு குழல். தேம்பாமல் சொல்லி முடிக்க வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை.

“அப்போ அது உசுரோடதான் இருந்துச்சாக்கும்” என்றான் சென்னியப்பன்.

“ஆமாங்க. நான் செஞ்ச மிஷினுதான்…”

“உம்மேல தப்புச் சொல்லிக்காதே. அதைக் கேக்கலை நான்.” மூச்சை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. “அது போனதாலதான் மத்த நூத்தி ஒண்ணும் நின்னுதா?”

“ஆமாங்க.”

எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“பேரு ஏதாச்சும் நெனச்சு வெச்சிருந்தியா நீ?”

“இல்லீங்க. பயமா இருந்துச்சு.”

“நான் வெச்சிருந்தேன் புள்ளை.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை மாதம் ஒரே வீட்டில், ஒரே தட்டில் சோறு போட்டுத் தின்றும், இது தெரியாமல் போயிற்றே.

“என்ன பேருங்க?”

“போன்ல வேண்டாம்” என்றான். “வீட்டுக்கு வா. சொல்றேன்.”